புதைபடிவங்களை அஞ்சலில் அனுப்புதல்

பழங்கால உயிர்களின் கல்லான எச்சங்களை விற்கவோ வாங்கவோ மாற்றிக்கொள்ளவோ கட்டி அனுப்பும் முறையை இத்தலைப்பு குறிக்கிறது. கல்தானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்துக் கட்டுவதால்தான் பல துண்டுகள் போய்ச் சேரும் முன்பே உடைகின்றன. பார்வைக்குத்தான் அது கல். உள்ளே பழைய விரிசல், சுண்ணாம்புப் படிகம், களிமண், சிலவற்றில் இரும்புக் கந்தகம் என்று ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்கள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

திருப்பூர் மாவட்டம் ஊத்துக்குளி வட்டத்துக் குன்னத்தூரில் மண்ணைத் தோண்டிப் புதைபடிவம் எடுக்க முடியாது. கொங்குநாட்டின் அடிப்பாறை நைஸ், சார்னகைட் போன்ற உருமாறிய பாறை. ஓடும் எலும்பும் கொண்ட உயிர்கள் தோன்றுவதற்கு முன்பே பூமியின் ஆழத்தில் வெந்து உருவானது அது. காங்கேயத்தை அடுத்த படியூரில் பெரில் வகை மணிக்கற்கள் கிடைத்தன. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மணி கோத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். புதைபடிவம் வேண்டுமென்றால் கிழக்கே அரியலூர், பெரம்பலூர்ச் சீமைக்குத்தான் போக வேண்டும். ஆனால் அதைக் கட்டுவதற்கு வேண்டிய பொருள் பனியன் கம்பெனிகள் நிறைந்த இந்தப் பகுதியில்தான் மலிவு.

தமிழர் கையில் நெடுங்காலமாகப் புழங்கிய புதைபடிவம் சாளக்கிராமம். நேபாளத்தின் காளிகண்டகி ஆற்றில் உருண்டு வரும் கரிய கல் முண்டுகளுக்குள் இருப்பது அம்மோனைட்டு என்ற கடல் உயிரின் சுருள் ஓடு. 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான முக்திநாத்துக்குப் போனவர்கள் அதைத் துணியில் சுற்றி ஊருக்குக் கொண்டுவந்தார்கள். விலைக்கு விற்கக் கூடாது, தானமாகவே கைமாற வேண்டும் என்பது மரபு. இன்றைய சேகரிப்பாளர்களின் மாற்று வழக்கத்துக்கு அது ஒரு மூத்த உறவு.

தமிழகத்திலிருந்து அறிவியல் நோக்கில் அனுப்புவது 1840களில் தொடங்கியது. சென்னை சிவில் சர்வீஸைச் சேர்ந்த சி. டி. கே என்பவரும் கன்லிஃப் என்பவரும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி வட்டாரங்களில் திரட்டிய ஓடுகள் லண்டன் போய்ச் சேர்ந்தன. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846-இல் விளக்கம் எழுதினார். சூயஸ் கால்வாய் திறந்தது 1869-இல்தான். அதுவரை கப்பல் சரக்கு ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் பல மாதம் ஆடிக்கொண்டேதான் போயிற்று. வடக்கே சிவாலிக் குன்றுகளில் ஃபால்கனர் என்பவரோடு சேர்ந்து எலும்பு தோண்டிய காட்லி, தம் திரட்டை 214 பெரிய பெட்டிகளில் அடைத்துப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்.

பிறகு இந்திய நிலவியல் ஆய்வுத்துறை வந்தது. ஹெச். எஃப். பிளான்ஃபோர்டு 1857 முதல் 1860 வரை தென்னார்க்காடு, திருச்சி மாவட்டங்களை அளந்து, 1862-இல் வெளியிட்ட அறிக்கையில் பாறை அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்தார். இந்தப் பிரிப்பு கட்டுபவருக்கும் உதவும். ஊட்டத்தூர்த் தொகுதியைச் சேர்ந்த காரைக் களிமண்ணில் ஜிப்சமும் விரல்போன்ற பெலம்னைட்டுகளும் கிடக்கின்றன. பெலம்னைட்டு குறுக்கே பட்டென்று ஒடியும். திருச்சித் தொகுதியில் கருடமங்கலம் சுண்ணாம்புக்கல் சிப்பிகள் இறுகி உறைந்தது. 19-ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி மார்பிள் என்ற பெயரில் அதை மெருகேற்றி அலங்காரப் பொருள் செய்தார்கள். அது எளிதில் உடையாது, ஆனால் பாரம் அதிகம். அரியலூர்த் தொகுதியின் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்பில் தடித்த சிப்பிகள் மலிந்து கிடக்கின்றன. சிமெண்ட் சுரங்கங்கள் வெட்டுவது இந்த அடுக்கைத்தான். வியன்னாவிலிருந்து கல்கத்தா வந்த ஸ்டோலிச்கா இவற்றின் உயிரினங்களை 1873 வரை தொகுதி தொகுதியாக விவரித்து வெளியிட்டார். மறு ஆண்டே லடாக்கில் இறந்தார். தென்னிந்தியாவின் கிரெட்டேசியஸ் காலத்து உயிரினங்களைப் பற்றி யார் எழுதினாலும் முதலில் புரட்டுவது அவர் நூலைத்தான்.

வழியில் நேர்ந்த பெரிய இழப்புகளில் ஒன்று அரியலூர்க் கல்லமேட்டில் நடந்தது. அங்கே கிடைத்த இராட்சத டைனோசருக்கு யாதகிரியும் அய்யாசாமியும் 1980களின் இறுதியில் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். கீழ்க்கால் எலும்பே 2 மீட்டர் நீளம். கல்மரமாக இருக்குமோ என்று சிலர் ஐயப்பட்டதுண்டு. களத்தில் எடுத்த பழைய படங்கள் 2022-இல் வெளிவந்த பிறகு அந்தப் பேச்சு தணிந்தது. எலும்போ மழை ஈரத்தில் ஊறிப் பொரபொரத்துப் போயிருந்தது. பிளாஸ்டர் உறைக்குள் வைத்தும் அலுவலகம் போய்ச் சேரும் முன்பே பொடியாகிவிட்டது. இப்போது எஞ்சியிருப்பவை வரைபடங்களும் புகைப்படங்களும்தான். வேறு விதமாகப் போனவையும் உண்டு: கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஸ்டெர்ன்பெர்க் குடும்பத்தார் தோண்டிய டைனோசர்கள் 1916 டிசம்பரில் மவுண்ட் டெம்பிள் கப்பலோடு அட்லாண்டிக்கில் மூழ்கின. மூழ்கடித்தது ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். போருக்கு எதிராக யாரும் பெட்டி கட்ட முடியாது. ஈரத்துக்கு எதிராகக் கட்டலாம்.

அந்தக் குடும்பத்துச் சார்லஸ் ஸ்டெர்ன்பெர்க், 1876-இல் கோப் என்ற அறிஞரோடு மொன்டானாவில் எலும்பு எடுத்தபோது, அரிசியைக் குழையக் காய்ச்சிய கஞ்சியில் துணியை நனைத்து எலும்பைச் சுற்றினார். காய்ந்ததும் அது ஓடாக இறுகிற்று. பாவுக்குக் கஞ்சி போட்ட கொங்குநாட்டு நெசவாளருக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. பிற்காலத்தில் கஞ்சி இருந்த இடத்துக்குப் பிளாஸ்டரும் சாக்குத்துணியும் வந்தன. உதிரும் பரப்பை இறுக்க இன்று அசிட்டோனில் கரைத்த பாராலாய்டு பி-72 பூசுகிறார்கள். வேண்டும்போது அதை மறுபடி கரைத்து எடுத்துவிடலாம். ஃபெவிகால் பூசினால் சுத்தமாக எடுப்பது பெரும்பாடு.

அஞ்சலுக்குக் கட்டும்போது முதலில் மெல்லிய காகிதத்தால் பல சுற்று சுற்ற வேண்டும். அதற்கு மேல்தான் பனியன் வேஸ்ட் என்னும் கழிவுத் துணி. துணியை நேரடியாக வைத்தால் முள்ளுள்ள டிரைலோபைட்டிலும் கூரான ஓட்டு விளிம்பிலும் நூல் சிக்கி, பிரிக்கும்போது நுனி கையோடு வந்துவிடும். பருத்தித் துணிக்கு இன்னும் இரண்டு குறை உண்டு. பாரம் அழுத்தினால் அமுங்கி இடம் விட்டுவிடும். காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். அதனால் கனமான கல்மரத்துக்குத் துணி மட்டும் போதாது, தடித்த நுரைத்தகடும் தேவை. கல்மரம் லிட்டர் அளவுக்குச் சுமார் இரண்டரைக் கிலோ எடை. கைக்கு அடக்கமான துண்டே பெட்டியின் அடியைப் பிய்த்துக்கொண்டு போகும். இரும்புக் கந்தகம் கலந்த அம்மோனைட்டுக்கு ஈரம் நஞ்சு: ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் கந்தகம் அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கும். அதைக் காற்றுப் புகாத உறையில் சிலிக்கா ஜெல் பையோடு வைப்பதே சரி.

சுற்றிய துண்டு ஒரு சிறு பெட்டிக்குள், அந்தப் பெட்டி ஐந்து அடுக்கு அட்டைப்பெட்டிக்குள், நடுவே எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் திணிப்பு. மூடியபின் குலுக்கிப் பார்த்தால் ஓசை கேட்கக் கூடாது. கனத்தையும் மென்மையையும் ஒரே பெட்டியில் போடுபவர் இரண்டில் ஒன்றை இழப்பார். மரப்பெட்டியில் வெளிநாடு அனுப்பினால், உள்மரம் வரை 56 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் பக்குவப்படுத்திய முத்திரை மரத்தில் இருக்க வேண்டும்.

பெட்டியில் கல்லுக்கு அடுத்தபடியாக மதிப்புள்ளது சீட்டு. எந்த ஊர், எந்த அடுக்கு, எப்போது எடுத்தது என்பது தொலைந்துவிட்டால் மிச்சம் வெறும் கல். ஜபல்பூரில் ஸ்லீமன் என்பவர் 1828-இல் எடுத்த டைட்டனோசாரஸ் முதுகெலும்புகள் கல்கத்தாவில் சேகரிப்புக்குள்ளேயே காணாமல் போய், 2012-இல்தான் மறுபடி அடையாளம் தெரிந்தன. ஆகவே ஒரு சீட்டு துண்டோடு, அதன் நகல் பெட்டிக்கு வெளியே உறையில், எண் துண்டின் மேலேயே. அனுப்பும் முன் எடுத்த படங்கள் உடைசல் தகராறில் கைகொடுக்கும்.

சுங்க அறிக்கையில் உள்ளபடி எழுத வேண்டும். சேகரிப்புப் பொருள்களோடு தொல்லுயிரியல் துண்டுகளும் 9705 என்ற தலைப்பின்கீழ் வரும். மங்கோலியாவிலிருந்து வந்த டார்போசாரஸ் எலும்புக்கூட்டைப் பிரிட்டன் சரக்கு, மதிப்பு 15,000 டாலர் என்று எழுதி அமெரிக்காவுக்குள் இறக்கினார்கள். 2012-இல் நியூயார்க்கில் அது பத்து லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. வழக்குக்குப் பின் 2013-இல் மங்கோலியாவுக்கே திரும்பிற்று.

யுனெஸ்கோவின் 1970 உடன்படிக்கை தொல்லுயிர்ப் பொருள்களையும் பண்பாட்டுச் சொத்தில் சேர்க்கிறது. இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் புதைபடிவத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. திருவக்கரை, சாத்தனூர்க் கல்மரங்கள் தேசிய நிலவியல் நினைவிடங்கள். அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது. நிலவியல் மரபிடங்களுக்கென 2022-இல் ஒரு வரைவு மசோதா வெளியானது.