இராஜாபாய் மணிக்கூண்டு

இராஜாபாய் மணிக்கூண்டு, மும்பைப் பல்கலைக்கழகத்தின் கோட்டைப் பகுதி வளாகத்தில், ஓவல் மைதானத்தை ஒட்டி அமைந்துள்ள கடிகாரக் கோபுரம் ஆகும். இதன் உயரம் சுமார் 280 அடி (85 மீட்டர்). திருச்சி மாணவர்களுக்குப் புரியும்படி சொன்னால், திருவரங்கம் இராஜகோபுரத்தை (236 அடி) விட 40 அடிக்கு மேல் அதிகம். மலைக்கோட்டைக் குன்றின் உயரத்துக்கு ஏறக்குறைய நிகர்.

இது எழுந்த கதை பருத்தியில் தொடங்குகிறது. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டதும் தென் மாநிலத் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டன. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு வருவது நின்றது. அவை இந்தியப் பருத்தியைத் தேடின. பம்பாயில் பணம் கொட்டியது. அந்தப் பணம் புதிய வங்கிகளின் பங்குகளிலும், கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிறுவனங்களின் பங்குகளிலும் பாய்ந்தது. இந்தப் பங்குச் சூதாட்டத்தின் நடுநாயகம் பிரேம்சந்த் ராய்சந்த் என்ற சமண வணிகர். 1857இல் தொடங்கப்பட்ட பம்பாய்ப் பல்கலைக்கழகத்துக்கு அவர் 1864இல் நூலகத்துக்காக 2 இலட்சம் ரூபாயும், மணிக்கூண்டுக்காக மேலும் 2 இலட்சம் ரூபாயும் வழங்கினார். கோபுரத்துக்குத் தம் தாயார் இராஜாபாயின் பெயரை இட வேண்டும் என்பது அவர் விருப்பம்.

1865இல் போர் முடிந்தது. பருத்தி விலை சரிந்தது, பங்குகள் வெற்றுத் தாளாயின. பிரேம்சந்த் நொடித்துப்போனார். அவருடைய செல்வாக்கால் வரம்பு மீறிக் கடன் கொடுத்திருந்த பம்பாய் வங்கியும் மூழ்கியது. எனவே அவரை வள்ளல் என்று மட்டும் எழுதுவது அரை உண்மையே. ஆனால் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த பணம் தப்பியது. 1869 மார்ச் 1 அன்று அடிக்கல் நாட்டப்பட்டு, 1878 நவம்பரில் பணி நிறைவுற்றது. செலவு ஏறத்தாழ ஐந்தரை இலட்சம் ரூபாய்.

வரைபடம் தந்தவர் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை; இலண்டனில் இருந்தபடியே வரைந்து அனுப்பினார். கோபுரம் முடிவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1878 மார்ச்சில் காலமானார். வெனிஸ் நகரக் கோதிக் பாணி கலந்த இக்கட்டடம், குர்லாவில் வெட்டிய மஞ்சள் நிறக் கல்லால் ஆனது. கீழ்ப்பகுதி நூலகத்தோடு இணைந்துள்ளது. அதன் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் பெயர்பெற்றவை. கோபுரத்தைச் சுற்றி மேற்கு இந்தியச் சமூகத்தினரைக் குறிக்கும் 24 சிற்பங்கள் உள்ளன. ஆங்கிலேயர் வரைந்த கோபுரத்தில் உள்ளூர் மனிதர்களின் முகங்களைக் காண்பதுதான், என் கருத்தில், இதன் தனிச்சிறப்பு. ஆனால் அக்காலத்தில் மணிகள் இசைத்த 16 மெட்டுகளில் பிரித்தானிய அரசியை வாழ்த்தும் பாடலும் ஒன்று!

இராஜாபாய் பார்வையற்றவர் என்றும், கதிரவன் மறையுமுன் உண்ணும் சமண நெறியைக் கடைப்பிடிக்க மணியோசை அவருக்கு உதவியது என்றும் செவிவழிச் செய்தி உண்டு.

2015இல் கோபுரமும் நூலகமும் புதுப்பிக்கப்பட்டன. 2018இல் மும்பையின் விக்டோரிய கோதிக் மற்றும் ஆர்ட் டெக்கோ கட்டடத் தொகுதியின் பகுதியாக யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இது இடம்பெற்றது.