நிழலின் நடுவே ஓர் ஒளிப்புள்ளி

ஒளி துணிக்கையா, அலையா என அறிஞர் வழக்காடிய காலம். 1818 இல் பாரிசு விஞ்ஞானக் கழகப் பரிசுப் போட்டிக்குப் பிரெனெல் அலைக்கொள்கையை எழுதி விடுத்தார். நடுவருள் ஒருவரான புவாசோன் அதனை மறுக்கக் கருதிக் கணக்கிட்டார். இக்கொள்கை மெய்யாயின், வட்டத் தகட்டின் நிழல் நடுவே ஒளிப்புள்ளி தோன்ற வேண்டுமன்றோ! அராகோ சோதித்தார், புள்ளி தோன்றிற்று. 1819 இல் பரிசு பிரெனெலுக்கே ஆயிற்று.

தடையைக் கண்டு, கோணலுற்ற ஒளியைக் கணித்தனர் முன்னோர். வேண்டிய உருவைக் கொண்டு தடையைக் கணித்தனர் பின்னோர். 1966 இல் பிரவுண், லோமன் என்போர் கணிப்பொறி வரைந்த துளைகளினூடே ஒளியைச் செலுத்தி உருவம் சமைத்தனர். 1972 இல் கேர்ச்பேர்க்கு, சாக்ஸ்டன் ஆகியோர் இலத்திரன் நுணுக்குக்காட்டிக்கென வகுத்த மீள்கணிப்பு முறையும் இப்பணிக்கு உதவிற்று.

மறுக்க எழுந்த கணக்கே மெய்யை நாட்டியது. எதிர்ப்போர் வினாவையும் சோதித்தறிதல் கல்விக்கு அழகு.