பியானோ ரோலின் இரண்டு ஓரங்கள்

கம்ப்யூட்டரில் இசை போடுகிறவர்கள் தினமும் பார்க்கும் திரைக்குப் பெயர் பியானோ ரோல். இடப்பக்கம் கட்டைகள், வலப்பக்கம் கட்டங்கள். ஒரு காலத்தில் அது நிஜமாகவே காகிதச் சுருள் என்று சொன்னால், என்னிடம் கீபோர்டு கற்கும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

நூறாண்டுகளுக்கு முன் அமெரிக்க வீடுகளில் தானாக வாசிக்கும் பியானோ பிரபலம். வாசிக்கத் தெரிய வேண்டாம், காலால் துருத்தியை மிதித்தால் போதும். துளையிட்ட காகிதம் ஒரு பித்தளைப் பட்டையின் மேல் நகரும். காகிதத் துளையும் பட்டைத் துளையும் நேர்ப்படும் இடத்தில் காற்று உள்ளே புகும், அந்தக் கட்டை இறங்கும். ஒரு துளைக்கு ஒரு கட்டை. பியானோவில் இருந்ததோ 88 கட்டை. அன்று பரவலாக விற்ற சுருளில் 65 வரிசைதான். இரண்டு ஓரங்களிலும் சேர்த்து 23 கட்டைகள் சும்மா கிடந்தன. அடி ஸ்தாயியில் முழங்க வேண்டிய ஸ்வரத்தை ஒரு ஆக்டேவ் தூக்கிப் போட வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும்.

துளையைக் கூட்டினால் தீர்ந்தது என்று தோன்றும். காகிதம் விடவில்லை. ஈரக்காற்று பட்டால் அது ஊறும், காய்ந்தால் சுருங்கும். துளைகள் நெருக்கமாக இருந்தால் கொஞ்சம் விலகினாலும் பக்கத்துக் கட்டை பேசிவிடும். 1908 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரில் தயாரிப்பாளர்கள் கூடி, பதினொன்றேகால் அங்குல அகலக் காகிதத்தில் இரண்டே அளவு என்று முடிவு செய்தார்கள்: அங்குலத்துக்கு 6 துளை வீதம் 65, அங்குலத்துக்கு 9 துளை வீதம் 88. நெருக்கமான சுருள் நேராக ஓட, விலகலைத் திருத்தும் தனிச் சாதனமும் பியானோவுக்குள் ஏறியது. பிறகு 65 மெல்ல மறைந்தது.

பியானோவின் 88 கட்டையும் ஒரே நாளில் வந்ததல்ல. பேத்தோவனின் தொடக்க சொனாட்டாக்கள் 5 ஆக்டேவுக்குள் அடங்கியவை. 1803இல் பாரிஸிலிருந்து எரார் நிறுவனத்தின் ஐந்தரை ஆக்டேவ் பியானோ அவர் வீட்டுக்கு வந்தது. அதையடுத்து எழுதிய வால்ட்ஸ்டைன் சொனாட்டா பழைய மேல் எல்லையைத் தாண்டிப் போகிறது.

மின்னணு இசைக்கருவிகளும் கம்ப்யூட்டரும் ஸ்வரங்களைப் பரிமாறிக்கொள்ள 1983இல் வந்த மிடி என்ற ஏற்பாட்டில் காகிதமும் இல்லை, மரமும் இல்லை. எல்லை மட்டும் இருந்தது. டேவ் ஸ்மித், இகுதாரோ காகெஹாஷி முதலானவர்கள் முன்னின்று உருவாக்கிய அதில் ஒரு பைட்டின் 8 பிட்டில் முதல் பிட், வருவது கட்டளையா தகவலா என்று காட்டவே போய்விடும். மிச்சம் 7. ஆகவே 0 முதல் 127 வரை, 128 ஸ்வரங்கள். நடு ஸி 60. பியானோ முழுவதும் 21க்கும் 108க்கும் இடையில் அடங்கிவிடும். 0ஆம் எண் வினாடிக்கு 8 அதிர்வு சொச்சம், காதுக்கே எட்டாது. என்னைக் கேட்டால், இதுவரை போட்ட எல்லைகளிலேயே தாராளமானது இதுதான்.

பிறகு ஏன் இணையத்திலேயே கட்டம் தட்டி இசை போடும் சீக்வென்சர்களில் ஸ்வரங்கள் சுருங்கின? பல தளங்களில் ஒலி, பதிவு செய்த சில ஸ்வரங்களிலிருந்து வருகிறது. இடைப்பட்டவற்றை அதே பதிவை இழுத்தும் தளர்த்தியும் உண்டாக்குவார்கள். அதிகம் இழுத்தால் வயலின் கீச்சிடும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு வைத்தால் பக்கம் திறக்க நேரமாகும். போதாததற்குச் சின்னத் திரையில் 88 வரிசை போட்டால் விரல் எங்கே படும்?

கூகுளின் சாங் மேக்கரில் 3 ஆக்டேவுக்கு மேல் கிடையாது. நம் பாட்டுக்கு எண்ணிக்கையில் அது தாராளம். மந்த்ர பஞ்சமத்திலிருந்து தார பஞ்சமம் வரை பார்த்தால் 2 ஆக்டேவ்தானே. தொல்லை, தொடங்கும் இடத்தில். அடி வரிசையையே ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் மந்த்ரத்துக்கு இறங்க வழியில்லை. பிள்ளைகளிடம் நான் சொல்வது: அமைப்பில் 12 ஸ்வரமும் வரும் குரோமாட்டிக்கைத் தேர்ந்தெடு, அடியில் இருக்கும் ஸியைப் பஞ்சமமாக நினைத்துக்கொள், அதிலிருந்து ஆறாவது வரிசை உன் ஸட்ஜம், 4 கட்டை சுருதி.