பாலிஷ் பெட்டியின் மேல் ஒரு கால்: ஒரு தெருப்படத்தின் ஆண்டைத் தேடி



நினைவுச் சொற்பொழிவு என்றால் பெரிய கோட்பாடு ஒன்றை எடுத்து விரிப்பது வழக்கம். நான் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அது நம் ஊர்ப் படமும் அல்ல, பாரிஸ் நகரத்தின் புல்வார் து தாம்பிள் என்ற சாலை. லூயி தாகேர் தன் இருப்பிடத்தின் மேல்மாடி ஜன்னலிலிருந்து எடுத்தது. அகலமான சாலை, இருபுறமும் மரங்கள், உயரமான வீடுகள், புகைபோக்கிகள். வண்டியும் சனமும் நிறைந்த சாலைதான், ஆனால் படத்தில் யாரும் இல்லை. இடது பக்கம் கீழே கூர்ந்து பார்த்தால் மட்டும் ஒருவர் ஒற்றைக் காலைத் தூக்கி எதன்மீதோ வைத்தபடி நிற்பது தெரியும். அவர் காலடியில் கலங்கலாக ஒரு கறுப்பு உருவம். பூட்ஸுக்குப் பாலிஷ் போடுகிறவர்.

ஒளிப்படத்தில் பதிந்த முதல் மனிதர் என்று இணையத்தில் சுற்றுகிற படம் இதுதான். எல்லா இடத்திலும் கீழே ‘1838’ என்று போட்டிருக்கும். அந்த ஆண்டு எப்படி வந்தது? தகட்டில் ஆண்டு இல்லை. படத்தோடு வந்த குறிப்பு காலை எட்டு மணி என்கிறது, அவ்வளவுதான். மணி இருக்கிறது, ஆண்டு இல்லை. பழைய படங்களோடு மல்லுக்கட்டும் மாணவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதாக இருக்காது.

முதலில் இரண்டு பக்கமும் வேலி போட்டுவிடலாம். வெள்ளி பூசிய தகட்டில் விழுந்த படிமம் வெளிச்சம் பட்டு அழியாமல் இருக்க, அதை உப்புக் கரைசலில் கழுவி நிலைநிறுத்தும் வழியைத் தாகேர் கண்டது 1837இல். எனவே அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. 1839 ஜனவரி 7 அன்று அரகோ பாரிஸ் அறிவியல் கழகத்தில் இந்தக் கண்டுபிடிப்பை அறிவித்தார். செய்முறை ஆகஸ்ட் 19 அன்று வெளியிடப்பட்டது. பிறகு தாகேர் ஐரோப்பிய மன்னர்களுக்குத் தன் தகடுகளைப் பரிசாக அனுப்பினார். பவேரியா மன்னர் முதலாம் லுட்விக்குக்குப் போனவற்றில் இதுவும் ஒன்று. 1839 அக்டோபரில் மியூனிக் நகரில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். ஆக 1837க்கும் 1839 அக்டோபருக்கும் நடுவில்.

அடுத்த சாட்சி மரம். படத்தில் மரங்கள் இலையோடு நிற்கின்றன. பாரிஸில் நவம்பர் முடிவதற்குள் இலை கொட்டிவிடும், ஏப்ரலுக்குமேல்தான் தளிர்க்கும். ஆகவே குளிர்காலம் இல்லை.

சூரியனையும் கேட்கலாம். எட்டு மணி என்று தெரிவதால் நிழலின் நீளத்தை வைத்து நாளைக் கணக்கிடலாம். பிரான்சு முழுவதற்கும் ஒரே நேரம் என்பது 1891இல்தான் சட்டமானது. அதற்கு முன் பாரிஸ் கடிகாரம் பாரிஸ் சூரியனோடுதான் நடந்தது, அதனால் கணக்கு எளிது. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது: தாகேர் முறைப் படம் கண்ணாடிப் பிம்பம்போல இடவலம் மாறி விழும். திருப்பிப் போடாமல் நிழலைப் படித்தால் காலை மாலையாகிவிடும். சரியாகப் படித்தாலும் சூரியன் ஒரே விடை தருவதில்லை. மே முதல் நாள் காலை எட்டு மணிக்கு நிற்கிற அதே உயரத்தில்தான் ஏறக்குறைய ஆகஸ்ட் 12 அன்றும் நிற்கும். 1838இலும் அப்படித்தான், 1839இலும் அப்படித்தான். சூரியனுக்கு ஆண்டு தெரியாது. அதைச் சொல்ல ஒரு மனிதர் எழுதி வைத்திருக்க வேண்டும்.

அந்த மனிதர் தந்திக்குப் பெயர்போன சாமுவேல் மோர்ஸ். அவர் ஓவியரும்கூட. தந்திக்கு உரிமம் வாங்க ஐரோப்பா வந்திருந்தவர், 1839 மார்ச் 7 அன்று தாகேரைச் சந்தித்துத் தகடுகளைப் பார்த்தார். பார்த்ததைத் தம்பிக்கு எழுதிய கடிதம் ஏப்ரலில் ‘நியூயார்க் அப்சர்வர்’ இதழில் வெளியானது. சந்தடி மிகுந்த சாலை ஆளரவமற்றுக் கிடந்ததையும், பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் தெரிந்ததையும் அதில் சொல்கிறார். ஒரு கால் பாலிஷ் பெட்டியின் மேல், இன்னொன்று தரையில் என்பதுவரை விவரம் இருக்கிறது.

இலையோடு நிற்கும் மரங்கள் 1839 மார்ச் முதல் வாரத்துக்கு முன்பே தகட்டில் பதிந்துவிட்டன என்றால், அது 1838இன் வசந்தமோ கோடையோதான். 1837 ஏன் இல்லை என்று கேட்கலாம். அந்த ஆண்டில் அவர் முயன்றது ஜன்னலோரம் அசையாமல் கிடந்த சிற்பங்களும் சாமான்களும் என்பதால் ஆய்வாளர்கள் அதைத் தள்ளுகிறார்கள்.

முடிச்சு இங்கேதான் இருக்கிறது. மியூனிக் தகடும் மோர்ஸ் பார்த்த தகடும் ஒன்றுதான் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? அதே தெரு என்பது போதாது, தாகேர் அந்த ஜன்னலிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட படம் எடுத்தவர். கட்டடமும் போதாது. நம்மிடம் இருக்கும் ஒரே கொக்கி, கீழே குந்தியிருக்கும் அந்தத் தொழிலாளியும் அவர் பெட்டிமேல் இருக்கும் காலும்தான். அவரை எடுத்துவிட்டால் ‘1838’ ஆதாரமில்லாமல் நிற்கும், 1839 கோடையும் உள்ளே வந்துவிடும்.

கொக்கியிலும் ஒரு நெளிவு உண்டு. தாம் பார்த்த படத்தில் அந்த ஆளுக்குக் காலும் பூட்ஸும் தெளிவாக இருந்தன, அசைந்ததால் உடலும் தலையும் இல்லை என்கிறார் மோர்ஸ். மியூனிக் படத்தில் உடல் தெரிகிறது. இதைக் காட்டி, இரண்டும் வேறு வேறு தகடுகள் என்று வாதிடலாம். மார்ச் 8 அன்று தாகேரின் டயோராமா அரங்கம் தீயில் எரிந்துபோனது என்பதை எதிர்வாதமாக வைக்கலாம். வீடும் போனது என்று மோர்ஸ் எழுதினார். தீயணைப்போர் வீட்டைக் காப்பாற்றினார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. மோர்ஸ் சொல்வது சரியென்றால் அந்த ஜன்னலே அதற்குப் பிறகு இல்லை. எல்லாம் கூட்டிக் கழித்தால் 1838 பக்கம்தான் எடை அதிகம் என்பது என் முடிவு. ஆனால் அது கல்லில் வெட்டியதுபோல் அச்சிடத்தக்க எண் அல்ல.

இனி அந்தத் தொழிலாளியைப் பார்ப்போம். தாகேரின் கையேட்டின்படி பாரிஸில் ஒரு படம் பதிய மூன்று நிமிடம் முதல் அரைமணி வரை ஆகும். அதனால்தான் நடந்தவர்களும் வண்டிகளும் பதியாமல் போயினர். வாடிக்கையாளர் பதிந்தது ஏன்? அவர் காலை ஒருவர் பிடித்து வைத்திருந்தார். ஒருவருடைய உழைப்பு இன்னொருவரை அசையாமல் நிறுத்தியது. நின்றவர் உருவமானார், தேய்த்துக்கொண்டிருந்தவரின் கையும் தலையும் கலங்கலாயின. வேலை செய்ததால் கலங்கினார் என்பதை இயற்பியல் என்று விட்டுவிடலாம். படத்தில் இரண்டு பேர் இருக்க, விளக்கக் குறிப்பில் ‘முதல் மனிதர்’ என்று ஒருமையில் எழுதி, அது பூட்ஸ் போட்டவர்தான் என்று தீர்மானித்தது இயற்பியல் அல்ல. அதைக் கேமரா செய்யவில்லை.

பாரிஸில் இந்தத் தொழில் சேறு துடைப்பதில் தொடங்கியது. நடைபாதையும் சாக்கடையும் ஒழுங்காக இல்லாத நகரத்தில், சேறு படிந்த காலோடு கனவான் வீட்டுக்குள் நுழைய முடியாது. சவாய் மலைப்பகுதியிலிருந்து பிழைப்புக்கு வந்த ஏழைகள் பலர் இந்த வேலையில் இருந்தார்கள். அது சாதியல்ல, அப்படிச் சொன்னால் தவறு. ஆனால் இன்னொருவர் பாதத்தருகே குந்தித்தான் கூலி வாங்க வேண்டும் என்ற நிலையை இந்த அரங்கில் விளக்கத் தேவையில்லை. இந்தக் காட்சியை இவ்வளவு துல்லியமாகக் கண்டு எழுதிய மோர்ஸ், 1863இல் அமெரிக்க அடிமைமுறையை நியாயப்படுத்தி நூல் எழுதியவர் என்பதையும் சேர்த்தே நினைவில் வைப்போம்.

அசல் தகடு இன்று பார்க்கும் நிலையில் இல்லை. 1970களில் சுத்தம் செய்யப்போய்ப் படிமம் அழிந்துவிட்டது. 1937இல் வரலாற்றாசிரியர் பியூமாண்ட் நியூஹாலுக்காக எடுக்கப்பட்ட நகல் இருந்ததால்தான் நமக்கு இது கிடைக்கிறது.

நம் பக்கத்துக்கு வருகிறேன். தாகேரின் முறை 1840இலேயே கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக ஆங்கில அரசு வெளியிட்ட ‘இந்திய மக்கள்’ வரிசையில் பெரும்பாலான முகங்களுக்குக் கீழே இருப்பது சாதிப்பெயரும் இனப்பெயரும்தான், ஆளின் பெயர் அல்ல. இங்கே பழைய தெருப்படம் கைக்குக் கிடைத்தால் உடனே கட்டடத்தைத் தேடுகிறோம், சிலையைத் தேடுகிறோம். சென்னையில் மின்சார டிராம் தெரிந்தால் 1895க்கும் 1953க்கும் இடையில். மவுண்ட் ரோட்டில் நீல் சிலை நின்றால் 1937க்குப் பிந்தியதல்ல. இவை நல்ல சாட்சிகள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு, யார் என்ன வேலை செய்கிறார், எந்தக் கருவி கையில் இருக்கிறது என்று பாருங்கள். கை ரிக்‌ஷா ஓடிக்கொண்டிருந்தால் அநேகமாக 1973க்கு முன், அந்த ஆண்டில்தான் தமிழக அரசு அதை ஒழித்தது. இழுத்தவருடைய உடலே ஆண்டைச் சொல்லிவிடும்.

எல்லா வேலையும் இப்படி ஆண்டு சொல்லாது. தலையில் மலக்கூடையோடு ஒரு பெண், சாக்கடைக் குழிக்குள் இறங்கும் ஒரு ஆண் என்று ஒரு படம் கிடைக்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 1993இல் ஒரு சட்டம் வந்தது, 2013இல் இன்னொன்று. அந்தச் சட்டங்களை வைத்து இந்தப் படத்தை முந்தியது, பிந்தியது என்று பிரிக்க முடியாது. அதற்குப் பின்னால் இருக்கும் சுவரில் என்ன சினிமா போஸ்டர் ஒட்டியிருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.