உயிலின் பிடியிலிருந்து ஊரின் கைக்கு

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மேயராகவும் நீதிபதியாகவும் இருந்த பிரையன் முல்லன்ஃபி 1851-இல் இறந்தார். தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை அவர் தர்மத்துக்கு எழுதி வைத்திருந்தார். மேற்கே குடியேறுவதற்காக அந்த ஊர் வழியே போகும் ஏழைப் பயணிகளுக்கு அது உதவ வேண்டும் என்பது ஏற்பாடு. கூண்டு வண்டிகள் வரிசை கட்டிப் போன காலத்தில் அந்தத் தேவை உண்மையானதுதான். பிறகு ரயில் வந்தது, வண்டிகள் நின்றன. உதவி கேட்டு வருபவர்கள் அருகிப்போக, பணம் மட்டும் குட்டி போட்டது. அதே ஊரில் பசித்திருந்தவர்களுக்கு அதை எடுத்துக் கொடுக்க உயிலில் இடமில்லை.

பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் உயிலுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். பாஸ்டன், ஃபிலடெல்ஃபியா நகரங்களுக்குத் தலா ஆயிரம் பவுண்டு விட்டுச் சென்ற அவர், குருவிடம் தொழில் பழகி முடித்த, மணமான இளம் கைவினைஞர்களுக்கு அதைக் கடனாகக் கொடுக்கச் சொல்லியிருந்தார். தொழிற்சாலைகள் பெருகியபோது அப்படிப்பட்ட இளைஞர்களைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடாயிற்று.

ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் ஃபிரெடெரிக் கோஃப் என்பவருக்கு இந்தச் சிக்கல் உறுத்திக்கொண்டே இருந்தது. ராக்ஃபெல்லர் உள்ளிட்ட பெரும் புள்ளிகளுக்கு வேலை பார்த்த வழக்கறிஞர் அவர். 1908-இல் நல்ல வருமானம் தந்த அந்தத் தொழிலை விட்டுவிட்டு கிளீவ்லாந்து டிரஸ்ட் வங்கியின் தலைவரானார். செத்தவரின் சொல் உயிரோடிருப்பவர்களின் கையைக் கட்டிப்போடக் கூடாது என்பது அவர் கட்சி. 1914 ஜனவரி 2 அன்று வங்கியின் இயக்குநர் குழு அவருடைய திட்டத்தைத் தீர்மானமாக நிறைவேற்றியது. உலகின் முதல் சமூக அறக்கட்டளையான கிளீவ்லாந்து ஃபவுண்டேஷன் அன்றுதான் பிறந்தது.

திட்டம் எளிமையானது. ஊரார் பலரும் விட்டுச் செல்லும் சொத்துகளை ஒரே குடையின் கீழ் சேர்ப்பது, முதலீட்டை வங்கி பார்த்துக்கொள்வது, வருமானத்தை யாருக்குக் கொடுப்பது என்பதை ஐந்து பேர் குழு தீர்மானிப்பது. அந்த ஐவரில் இருவரை வங்கியும், மற்ற மூவரை மேயர், மத்திய அரசின் மாவட்ட நீதிமன்ற நீதிபதி, உயில் வழக்குகளைக் கவனிக்கும் நீதிபதி ஆகியோர் ஆளுக்கு ஒருவராகவும் நியமித்தார்கள். ஆணும் இருக்கலாம், பெண்ணும் இருக்கலாம். ஒரே மதப் பிரிவைச் சேர்ந்தவர்கள் இருவருக்கு மேல் இருக்கக் கூடாது. அரசியல் பதவியில் இருப்பவருக்கும் அதற்குப் போட்டியிடுபவருக்கும் இடமில்லை. நன்கொடையாளர் விதித்த நோக்கம் காலாவதியாகிவிட்டால் பணத்தை வேறு பயனுக்குத் திருப்பும் அதிகாரமும் குழுவுக்கு இருந்தது.

தொடக்க ஆண்டுகளில் கொடுப்பதற்குப் பெரிய தொகை எதுவும் கையில் இல்லை. சொத்தை எழுதி வைத்தவர்கள் உயிரோடு இருந்தார்கள். எனவே ஊரின் தேவை என்ன என்று ஆராய்வதில் அறக்கட்டளை முதலில் இறங்கியது. லெனர்ட் அயர்ஸ் தலைமையில் நகரப் பள்ளிகளைப் பற்றி நடந்த ஆய்வு 25 நூல்களாக வெளிவந்தது. 1920-இல் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் நகர நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியே சிக்கியபோது ஊர் கொதித்தது. ஹார்வர்டிலிருந்து சட்ட அறிஞர்கள் ராஸ்கோ பவுண்டையும் ஃபீலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டரையும் அழைத்துவந்து, காவல்துறை முதல் சிறை வரை குற்றவியல் நீதி முறை முழுவதையும் அறக்கட்டளை ஆராய வைத்தது. அந்தச் சூட்டோடு, நீதிமன்றங்களைக் கண்காணிக்க ஒரு குடிமக்கள் சங்கமும் உருவானது.

இன்று ஒரு சிறு தொண்டு நிறுவனம் சமூக அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்கும்போது பதில் எழுத வேண்டிய கேள்விகளுக்கு இந்த வரலாற்றில் வேர் உண்டு. எந்த வட்டாரத்தில் வேலை செய்கிறீர்கள்? பணம் அந்த ஊருக்கென்று விடப்பட்டது. தேவைக்கு என்ன ஆதாரம்? ஆய்வு முதலில், உதவி பிறகு என்று பழகிய அமைப்பு அது. நிர்வாகக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? ஊரின் எல்லாத் தரப்புக்கும் அங்கே குரல் இருக்கிறதா என்று பார்ப்பது கோஃபின் ஐவர் குழுவிலேயே தொடங்கிய வழக்கம்.

அதே விண்ணப்பத்தில் வரிவிலக்குக் கடிதம் எங்கே என்ற கேள்வி கெடுபிடியானதற்குக் காரணம் 1969-ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம். அதன் பின்னணியிலும் கிளீவ்லாந்து உண்டு. 1967-இல் அந்நகரக் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்ய, கோர் என்ற குடிமை உரிமை இயக்கத்தின் கிளைக்கு ஃபோர்டு ஃபவுண்டேஷன் 1,75,000 டாலர் கொடுத்தது. அந்த ஆண்டே கார்ல் ஸ்டோக்ஸ் வெற்றி பெற்று, அமெரிக்கப் பெருநகர் ஒன்றின் முதல் கறுப்பின மேயரானார். நாடாளுமன்றத்தில் பலர் முகம் சுளித்தார்கள். தனியார் அறக்கட்டளைகளுக்குக் கடிவாளம் போட்ட அந்தச் சட்டம், பலரிடமிருந்தும் நன்கொடை திரட்டும் பொது அமைப்புகளுக்குச் சலுகை காட்டியது. அது சமூக அறக்கட்டளைகள் பெருக வழிவிட்டது.

இதற்கு வெகுமுன்பே இந்த யோசனை எல்லை தாண்டிவிட்டது. 1870-இல் சாதாரணச் சிப்பாயாக வினிபெக் வந்து வங்கியாளராக உயர்ந்த வில்லியம் அலோவே, தமக்கு எல்லாம் தந்த ஊருக்குத் திருப்பிச் செய்ய வேண்டும் என்று 1921-இல் ஒரு லட்சம் டாலர் கொடுத்து, கனடாவின் முதல் சமூக அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தார். அடுத்த நன்கொடை 1924-இல் ஓர் உறையில் வந்தது. உள்ளே மூன்று ஐந்து டாலர் தங்க நாணயங்கள். பைபிளில் வரும் ஏழை விதவையின் காணிக்கையைச் சுட்டும் ஒரு குறிப்பு மட்டும் கூடவே இருந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை, நிபந்தனை எதுவும் இல்லை. வான்கூவரில் ஆலிஸ் மெக்கே என்ற செயலாளர், வீடற்ற பெண்களுக்கு உதவ 1,000 டாலர் சேர்த்துக் கொடுத்தார். அதைப் பார்த்த தொழிலதிபர் வான்டூசன் செல்வந்தர்களைத் திரட்ட, 1943-இல் வான்கூவர் ஃபவுண்டேஷன் உருவானது.

ஆனால் ஒரு முடிச்சு இன்னும் அவிழவில்லை. 1931-இல் நியூயார்க் கம்யூனிட்டி டிரஸ்ட் என்ற சமூக அறக்கட்டளையில் புதிய வழக்கம் ஒன்று முளைத்தது. பணம் கொடுத்தவரே அது யாருக்குப் போகலாம் என்று தொடர்ந்து ஆலோசனை சொல்லலாம். இன்று பல சமூக அறக்கட்டளைகளின் கையிருப்பில் பெரும் பங்கு இப்படிப்பட்ட நிதிகளே. அவற்றுக்குப் பெரும்பாலும் விண்ணப்பம் கிடையாது; கொடுப்பவருக்குத் தெரிந்தவர்களுக்குத்தான் அவை போய்ச் சேரும். தெருமுனையில் மாலைப் பள்ளி நடத்துகிறவரும், முதியவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவரும் போட்டியிட முடிவது, நிபந்தனையின்றி விடப்பட்ட பொது நிதிக்கு மட்டும்தான். அதிலும் திட்டச் செலவுக்குப் பணம் கிடைக்கும்; வாடகைக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் கேட்டால் தயக்கம். 2020-இல் கொரோனா பரவியபோது நூற்றுக்கணக்கான அறக்கட்டளைகள் இந்தக் கட்டுகளைத் தளர்த்தி, அறிக்கைக் கெடுவையும் ஒத்திவைத்தன. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அதுவே சான்று.

செத்தவரின் கட்டளையிலிருந்து பணத்தை விடுவிக்கவே கோஃப் இந்த ஏற்பாட்டைச் செய்தார். அதை உயிரோடிருக்கும் நன்கொடையாளரின் விருப்பத்தில் மறுபடி முடிந்து வைப்பது அவர் நோக்கத்துக்கு நேர் எதிரானது. இந்த அறக்கட்டளைகளை நடத்துகிறவர்கள், யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கக்கூடிய நிதியின் பங்கைக் கூட்ட வேண்டும். ஊருக்கென்று சொத்து எழுதி வைக்கிறவர்கள், எதற்குச் செலவிடுவது என்ற முடிவையும் ஊருக்கே விட்டுச் செல்ல வேண்டும்.