பதினொன்றாம் வகுப்பும் பள்ளி மன்றங்களும்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் மன்றங்களுக்குப் பஞ்சமில்லை. இலக்கிய மன்றம், கணித மன்றம், சுற்றுச்சூழல் மன்றம், இளையோர் செஞ்சிலுவைச் சங்கம் எனப் பழையவை பல. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் புதியது. அது 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு உரியது. மற்ற மன்றங்களும் பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்போடு ஓய்ந்துவிடுகின்றன. கல்லூரி வாசலை நெருங்கும் வயதில் மாணவர் கையில் மிஞ்சுவது வினாவங்கிதான். உயர்கல்விக்கும் வேலைக்கும் ஆயத்தப்படுத்தும் களமாக மன்றத்தைக் கருதுவோமானால், அது மிகுதியும் வேண்டப்படுவது 11ஆம் வகுப்பில் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டமும், அதையொட்டி நடந்த கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகளும் எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, என்ன உதவித்தொகை என்ற செய்திகளைப் பள்ளிகளுக்குக் கொண்டுசேர்த்தன. அது பெரிய காரியம். ஆனால் செய்தி தெரிந்தும், துறைத்தலைவர் அறைக்குள் போய்த் தன் தேவையைச் சொல்லத் தயங்கி நிற்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கையேடு உதவாது. அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்த சமூகவியலாளர் அனெட் லரோ, 2003இல் வெளிவந்த தம் நூலில் இதைத்தான் காட்டினார். நடுத்தர வர்க்கப் பிள்ளைகள், அதிகாரத்தில் உள்ளவரிடம் கேட்டுப் பெறும் பழக்கத்தை வீட்டிலும் ஒழுங்கமைந்த புறச்செயல்பாடுகளிலும் பெற்றுவிடுகிறார்கள். உழைக்கும் வர்க்கப் பிள்ளைகளுக்கு அந்தப் பயிற்சி கிட்டுவதில்லை. நம் சூழலில் அதைத் தரக்கூடிய இடம் பள்ளிதான்.

மேல்நிலை வகுப்புகளில் இன்றும் உயிரோடிருக்கும் ஓர் அமைப்பு நாட்டு நலப்பணித் திட்டம். 1969இல் பல்கலைக்கழகங்களில் தொடங்கிப் பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கு வந்தது. ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, தத்தெடுத்த ஊரில் 7 நாள் சிறப்பு முகாம் என்பது அதன் நடைமுறை. முகாமை உற்றுப் பார்த்தால் கல்வி எங்கே நிகழ்கிறது என்பது தெரியும். சமுதாயக் கூடத்தைத் தங்குவதற்குக் கேட்டு ஊராட்சித் தலைவருக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று தமிழ்த் தேர்வில் மதிப்பெண்ணுக்கு எழுதிய அதே வடிவம்தான். ஆனால் இந்தக் கடிதத்துக்குப் பதில் வரும். சில சமயம் மறுப்பும் வரும். மறுத்தால் நேரில் போய்ப் பேச வேண்டும். காய்கறிக்கும் அரிசிக்கும் ரசீது வாங்கி, அன்றாடம் கணக்கு எழுதி, இரவில் திட்ட அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். தொகை இடித்தால் காரணம் சொல்ல வேண்டும். அலுவலகம் என்பது ஏறக்குறைய இதுவே. மேடையேறிப் பரிசு வாங்குவதை மட்டும் மன்றப்பணி என்று எண்ணுவது இந்த உழைப்பை மறைத்துவிடுகிறது.

மன்றத்தில் சேர்பவர் இயல்பிலேயே துணிச்சல் உள்ளவர். பின்னாளைய வெற்றிக்கு மன்றத்தைக் காரணமாக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆசிரியர் சுட்டும் முதல் மதிப்பெண் மாணவரே ஆண்டு முழுதும் செயலராக இருக்கும் பள்ளியில் அந்த ஐயத்துக்கு விடையில்லை. பதவி சுற்றில் வர வேண்டும். நன்றியுரை சொல்லவே அஞ்சும் பெண்ணும் ஒரு பருவம் பதிவேடு எழுத வேண்டும். நமக்கு ஒரு வசதியும் உண்டு. அமெரிக்கக் கல்லூரிகள் பல விண்ணப்பத்தில் மன்றப் பணிகளையும் எடைபோடுவதால், அங்கே பட்டியலை நீட்டவே சேர்பவர் உண்டு. இங்கே 2007 முதல் பொறியியல் சேர்க்கைக்கு மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணே அடிப்படை. மன்றத்தால் சேர்க்கையில் ஆதாயமில்லை என்பதாலேயே அது பயிற்சிக்களமாக மட்டும் இருக்க முடியும். ஆகவே மன்றப்பணிக்கு மதிப்பெண் வழங்கும் யோசனையை நான் ஏற்கவில்லை.

2017-18இல் வந்த 11ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு, 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை அடுத்துக் கைவிடப்பட்டிருக்கிறது. கிடைத்திருக்கும் ஓராண்டில் வாரம் இரண்டு பாடவேளையை மன்றங்களுக்கு ஒதுக்கலாம். பொறுப்பாசிரியரின் பாடவேளையில் அதே அளவு குறைக்கவும் வேண்டும்; இரண்டும் ஒரே ஆணையில் வர வேண்டும். 11ஆம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு 12ஆம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்திய பள்ளிகளால்தான் அந்தப் பொதுத்தேர்வே கொண்டுவரப்பட்டது. ஆணையில் எழுதாமல் விட்டால், மன்ற நேரமும் அதே வழியில்தான் போகும்.