தீவுக்கு வந்த அந்நியர்: தமியான் அடிகளாரின் முதல் ஒன்பது ஆண்டுகள்



விழா மலரைக் கையில் வாங்கியதும் எவரும் முதலில் புரட்டிப் பார்ப்பது தம் வீட்டாரின் புகைப்படம் உள்ள பக்கத்தைத்தான். அதில் குறை காண நாம் வரவில்லை. அதைப் பார்த்து முடித்தபின் இந்தப் பக்கத்திற்கும் சற்று வாருங்கள். பிழைப்பைத் தேடிக் கடல் கடந்தவர்கள் நம் பங்கில் பலர் உண்டு. வேற்று மண்ணில் கால் வைத்தவர் படும் பாடு அவர்களைக் கேட்டால் தெரியும். அப்படி வேற்று மண்ணில் கால் வைத்த ஒருவராகவே இங்குப் புனித தமியான் அடிகளாரைக் காண விழைகிறோம்.

தமியான் என்றால் தொழுநோயாளர், மொலோக்காய், 1873. மறைக்கல்வி வகுப்பில் இவ்வளவே சொல்லித் தருகிறோம். ஆனால் அவர் ஹவாய்த் தீவுகளில் வந்திறங்கியது 1864இல். இடையே ஒன்பது ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த ஒன்பது ஆண்டுகள் இல்லையேல், பின்வந்த பதினாறு ஆண்டுகளும் இல்லை என்பது நம் துணிபு.

பெல்ஜியம் நாட்டுத் திரெமெலோ என்னும் ஊரில், 1840 சனவரி 3ஆம் நாள், உழவர் குடும்பத்தில் பிறந்தவர் யோசேப்பு தே வூஸ்டர். இயேசு மரியின் திரு இருதயங்கள் சபையில் சேர்ந்தபோது எடுத்துக்கொண்ட பெயரே தமியான். உண்மையில் ஹவாய்க்குப் போக வேண்டியவர் அவரல்லர். அதே சபையில் குருவாயிருந்த அவருடைய அண்ணன் பம்பீல் அடிகளார். பயண ஏற்பாடுகள் யாவும் முடிந்த வேளையில் அண்ணன் கொடிய காய்ச்சலில் விழுந்தார். தம்பியோ அப்போது குருப்பட்டம் பெறாத மாணவர். உள்ளூர் அதிபரைத் தாண்டிப் பாரிஸ் நகரிலிருந்த சபைத் தலைவருக்கே நேராகக் கடிதம் எழுதி, அண்ணனுக்குப் பதிலாகத் தாம் போக அனுமதி பெற்றுவிட்டார். (குருமட அதிபர்கள் இவ்வரிகளைப் படித்தால் முகம் சுளிப்பார்கள், படிக்கட்டும்!) 1863ஆம் ஆண்டின் இறுதியில் புறப்பட்ட பாய்மரக் கப்பல், தென் அமெரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு, 1864 மார்ச் 19ஆம் நாள், புனித சூசையப்பர் திருநாளன்று, ஹொனலூலு துறையை அடைந்தது. மே 21ஆம் நாள் ஆயர் மெக்ரே அவர்கள் கையால் குருப்பட்டம் பெற்றார். வயது இருபத்து நான்கு.

அவர் வந்திறங்கிய தீவுகளின் நிலை என்ன? 1778இல் ஆங்கிலக் கப்பல் தலைவர் குக் அங்கு வந்தபோது மக்கள்தொகை மூன்று லட்சத்துக்குக் குறையாது என ஆய்வாளர் பலர் மதிப்பிடுவர். 1872ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், குடியேறிய பிறநாட்டாரையும் சேர்த்து, சுமார் 57,000 பேரே இருந்தனர். அந்நியர் கப்பலில் சரக்கு மட்டும் வரவில்லை. பெரியம்மை, தட்டம்மை, மேகநோய் எல்லாம் வந்தன. தலைமுறை தலைமுறையாய் அந்நோய்களை அறியாத உடல்கள் பூச்சி விழுந்த பயிர்போல் சாய்ந்தன. தொழுநோயும் அவ்வாறு வெளியிலிருந்து வந்ததே. அந்நியருக்குத் தீவார் வழங்கிய பெயர் ‘ஹவுலே’. அச்சொல்லில் ஐயம் கலந்திருந்தால் யாரைக் குறை கூறுவது?

கத்தோலிக்கக் குருக்களின் கதையும் சுமுகமானதன்று. 1827இல் வந்தவர்களை 1831இல் நாடு கடத்தினார்கள். வழிபாட்டு உரிமை 1839இல்தான் கிடைத்தது. அதே ஆண்டு பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்று துறையில் வந்து நின்று அதை உறுதிப்படுத்திக்கொண்டது என்பதையும் நாம் மறைக்கலாகாது.

இளங்குருவை முதலில் பெரிய தீவின் பூனா மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். எரிமலைக் குழம்பு உறைந்து கிடக்கும் கரிய பூமி அது. அடுத்த ஆண்டே, உடல் நலிந்திருந்த அயல்பங்குக் குரு ஒருவரோடு இடம் மாற்றிக்கொண்டு, கொஹாலா, ஹமாக்குவா பகுதிகளை ஏற்றார். பங்கு முழுவதையும் ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய ஆறு வாரம் ஆகுமாம்! கடலோரம் முழுவதும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகள்; குதிரை போகும் இடத்தில் குதிரை, போகாத இடத்தில் கையும் காலும். சிற்றாலயங்களைக் கட்டும்போது உத்திரங்களைத் தாமே தோளில் சுமந்தார். உழவன் மகன் அல்லவா!

மொழி எப்படி? ஹவாய் மொழியில் மெய்யொலிகள் மிகச் சில. ‘தமியான்’ என்ற பெயரே அவர்கள் நாவில் ஏறவில்லை, ‘கமியானோ’ என்றார்கள். அவரும் கமியானோ ஆகிவிட்டார். பிரான்சிஸ் சேவியரை நம் முன்னோர் சவேரியாராக்கியதும், பெஸ்கி அடிகளார் வீரமாமுனிவரானதும் நாம் அறிந்ததே. ஊரார் நாவுக்கு வாகாக ஒருவர் பெயர் தேய்ந்து வழங்கத் தொடங்குவது, அவர் அவ்வூரில் குடிபுகுந்ததற்கு முதல் சான்று. புதுப் பங்குக்கு மாற்றலாகிப் போகும் குருக்கள் இதை நன்கு அறிவர்.

உணவு? ரொட்டியும் முள்கரண்டியும் அறிந்தவர் முன்னே ‘பொய்’ என்னும் உணவு வந்தது. அது நம் சேப்பங்கிழங்கேதான். வேகவைத்து, கல்லால் இடித்து, நீர் விட்டுப் பிசைந்து, கூழாக்கி, சற்றே புளிக்கவிட்டு உண்பர். நடுவே ஒரே மரக்கலயம். சுற்றி அமர்ந்தோர் யாவரும் அதிலே விரலிட்டு வழித்து உண்பர். தனித்தட்டு கேட்பவன் அங்கே உறவு வேண்டாதவன். தமியான் விரலிட்டு உண்ணக் கற்றார். இது சின்னச் செய்தியன்று. பின்னால் இதற்கு விலை இருந்தது.

ஆனால் ஒன்றை அவர் கடைசிவரை பழகிக்கொள்ளவில்லை, அது தனிமை. பாவசங்கீர்த்தனம் செய்ய அருகில் மற்றொரு குரு இல்லையே என்ற ஏக்கம் அவருடைய கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. வெயிலும் மழையும் எரிமலையும் வதைத்ததைவிட அதுவே அவரை அதிகம் வதைத்தது.

1865இல் அரசு ஒரு சட்டம் இயற்றியது: தொழுநோயாளரைப் பிரித்து வைக்க வேண்டும். 1866 சனவரி 6ஆம் நாள் முதல் பன்னிருவரை மொலோக்காய்த் தீவின் வடகரையில் இறக்கினார்கள். மூன்று பக்கம் கொந்தளிக்கும் கடல். நான்காம் பக்கம் இரண்டாயிரம் அடிக்கு மேற்பட்ட செங்குத்து மலை. தீவார் அந்நோய்க்கு ‘பிரிக்கும் நோய்’ என்றே பெயரிட்டனர். புண்ணைவிடப் பிரிவையே அவர்கள் அஞ்சினர். ஒரே கலயத்தில் உண்பவர்களைப் பிரித்தால் அஞ்சாமல் என்ன செய்வார்கள்? நோயுற்றோரை உறவினர் பள்ளத்தாக்குகளில் ஒளித்தார்கள். முடியாதபோது, நலமாயிருந்த மனைவியோ கணவனோ கூடவே கப்பலேறியதும் உண்டு. தமியானின் பங்கிலிருந்தும் பலரைக் கொண்டுபோனார்கள். அவர் திருமுழுக்குக் கொடுத்தவர்கள், அவர் கூடவே உண்டவர்கள்.

1873 மே மாதம் மாவுயி தீவில் ஆலயத் திருநிலைப்பாட்டுக்குக் கூடிய குருக்களிடம் ஆயர் மொலோக்காய் பற்றிப் பேசினார். நால்வர் முன்வந்தனர், முறைவைத்து மாறி மாறிச் செல்வதென்பது ஏற்பாடு. தமியானின் முறை முதலில் வந்தது. மே 10ஆம் நாள் கலாவாவோவில் இறங்கினார். அடுத்தவர் முறை வரவேயில்லை.

அங்கே அறுநூறு பேருக்கு மேல் இருந்தனர். தங்க வீடில்லாததால் தொடக்க இரவுகளைத் தாழை மரம் ஒன்றின் கீழ்க் கழித்தார். நோயாளரைத் தொடலாகாது, அவர்கள் சமைத்ததை உண்ணலாகாது என்பது மேலிடத்து எச்சரிக்கை. கலயம் நடுவில் வந்தது. ஒன்பது ஆண்டு அந்தக் கலயத்தில் உண்டவர் இன்று கையை இழுத்துக்கொண்டால், அவர் மீண்டும் ‘ஹவுலே’. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அங்கு அவர் ஆற்றிய பணிகள் பல நூல்களில் உள்ளன: குழாயில் குடிநீர், புயலுக்குப்பின் புது வீடுகள், சவப்பெட்டிகள், பாடற்குழு. சாராயம் காய்ச்சிய பானைகளைக் கைத்தடியால் உடைத்த கோபக்காரர் என்பதும் உண்மை. உதவிக்கு வந்த குருக்களோடும் ஒத்துப்போகவில்லை. வெளியே போக அரசு தடை விதித்திருந்த நாள்களில் சபை மேலாளர் ஒரு கப்பலில் வந்தார். தலைவன் தமியானை ஏறவிடவில்லை. படகில் நின்றபடியே, மேலிருந்தவரிடம் உரத்த குரலில் பிரெஞ்சு மொழியில் பாவசங்கீர்த்தனம் செய்தார். தனிமை அவரை எந்த அளவுக்கு வாட்டியிருந்தால் அப்படிச் செய்திருப்பார்!

1884இன் இறுதியில் கொதிநீர் காலில் பட்டுக் கொப்பளித்தது, வலி தெரியவில்லை. அடுத்த ஆண்டு நோய் உறுதியாயிற்று. பெரும்பாலான மனித உடல்கள் இந்நோயை இயல்பாகவே எதிர்க்க வல்லவை என்று இன்று மருத்துவம் கூறுகிறது. அவருடைய உடலுக்கு அந்த வலிமை இல்லாமற்போயிற்று. 1889 ஏப்ரல் 15, புனித வாரத் திங்களன்று, நாற்பத்தொன்பதாம் வயதில் இறந்தார். அவர் விரும்பியபடியே அந்தத் தாழை மரத்தடியில் அடக்கம் செய்தனர்.

1936இல் பெல்ஜியம் அவருடைய உடலைக் கேட்டது. தீவார் கண்ணீரோடு விட்டுக்கொடுத்தார்கள். இப்போது லூவேன் நகரில் இருக்கிறது. 1969இல் பிரித்துவைக்கும் சட்டம் ஒழிந்தது. 1995 சூன் மாதம் பிரசல்ஸ் நகரில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தபோது, ஹவாய் மக்களுக்கென்று அவருடைய உடலின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அது வலக்கை. கலாவாவோவில் அவருடைய பழைய கல்லறையிலேயே அதை வைத்திருக்கிறார்கள்.